கடுமையான ஓசிடிக்குக் கட்டுப்படியாகும் செலவில் சரியான சிகிச்சை: தேடி அலைபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் தம்பி வேலை முடிந்து வண்டியில் வீடு வந்து சேர இருபது நிமிடம் ஆகும். ஒரு கட்டத்தில் அது மூன்று மணி நேரம் ஆனது. ஸ்பீட் பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கியதும் "யார் மேலயாவது ஏத்திட்டேனோ" என்று ஒரு எண்ணம் வரும். திரும்பிப் போய்ப் பார்ப்பான். ரோட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். கிளம்புவான். "அதுக்குள்ள யாராவது தூக்கிட்டுப் போயிருந்தா?" மறுபடியும் வண்டியைத் திருப்புவான். வீட்டுக்கு வந்த பிறகும் டார்ச் அடித்து டயரைப் பார்ப்பான். இரவு பதினொரு மணிக்கு என் அறைக் கதவு தட்டப்படும். "அக்கா, நான் யாரையும் இடிக்கலையே?" "இல்லடா, போய்த் தூங்கு" என்பேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் தட்டுவான்.

ஆறு மாதத்தில் வண்டியை விட்டான். பிறகு வேலையை விட்டான். அதன் பிறகு வாசலைத் தாண்டவே இல்லை.

ஓசிடி என்று சொல்லப்படும் எண்ணச் சுழற்சி நோய் அவனுக்குக் கடுமையாக இருந்தது. நான்கு வருடம் சிகிச்சை தேடி அலைந்தோம். சேமிப்பு கரைந்தது. பின்னால் கணக்குப் பார்த்தபோது வயிறு எரிந்தது. செலவானதில் பெரும்பங்கு ஓசிடிக்கு உதவாத சிகிச்சைகளுக்குப் போயிருந்தது. அவனைக் கடைசியில் மீட்ட சிகிச்சைக்கு ஆன செலவு அதில் ஒரு சிறு பகுதிதான். எந்தச் சிகிச்சை என்று பெயர் சொல்லிக் கேட்க எங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த நான்கு வருடம் போயிருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்: காத்திருக்கக் கூடாத நிலைகள்

கீழே வரும் படிகளுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நேரம் பிடிக்கும். நோயாளி சாவதைப் பற்றிப் பேசினாலோ, அதற்கு வழி தேடினாலோ, அசுத்தப் பயத்தால் சாப்பாடும் தண்ணீரும் ஏறக்குறைய நின்றுபோனாலோ, ஓசிடி நிபுணர் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடுமையான ஓசிடி உள்ளவர்களுக்குத் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். "இது வெறும் சுத்தப் பைத்தியம்தானே" என்று நினைத்து அசட்டையாக இருந்துவிடக் கூடாது. நன்றாக இருந்த குழந்தைக்கு ஓரிரு நாளில் திடீரெனக் கடுமையான ஓசிடி வந்தால், அதையும் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அபூர்வமாகச் சில குழந்தைகளுக்குத் தொண்டைத் தொற்று போன்ற ஒன்றைத் தொடர்ந்து இப்படி வருவதுண்டு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். "என் குழந்தையை நானே கத்தியால் குத்திவிடுவேனோ" என்று நடுங்கி, வீட்டுக் கத்தியை எல்லாம் பூட்டிவைக்கும் தாய்மார்கள் உண்டு. இது ஓசிடியில் அடிக்கடி வரும் எண்ண வகை. அந்த எண்ணம் அவரையே அருவருக்க வைக்கிறது, அதிலிருந்து அவர் ஓடிக்கொண்டிருக்கிறார். வெளியே சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து வருடக்கணக்கில் வாய் திறக்காதவர்கள் நிறைய. மனநல மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவருக்கு இது புதிதல்ல.

படி 1: நோயை எண்ணில் எழுதுங்கள்

"ரொம்பக் கஷ்டப்படறான் டாக்டர்" என்று சொன்னால் எந்த வரிசையிலும் முன்னால் போக முடியாது. எண் சொன்னால் கேட்பார்கள். ஓசிடியின் தீவிரத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுவது யேல்-பிரவுன் அளவுகோல். 1989ல் வெளியானது. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. முதல் ஐந்து கேள்விகள் எண்ணங்களைப் பற்றியவை, அடுத்த ஐந்து சடங்குகளைப் பற்றியவை, அதாவது அந்த எண்ணம் தரும் பதற்றத்தைத் தணிக்க மறுபடி மறுபடி செய்பவற்றைப் பற்றியவை. ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது, வாழ்க்கையை எவ்வளவு தடுக்கிறது, எவ்வளவு வேதனை தருகிறது, எதிர்த்து நிற்க எவ்வளவு முயல்கிறார், எவ்வளவு கட்டுப்படுத்த முடிகிறது என்று கேட்கும். பொதுவாக 24 முதல் 31 வரை கடுமை, 32 முதல் மிகக் கடுமை என்று எடுத்துக்கொள்வார்கள்.

முறைப்படி மதிப்பெண் போட வேண்டியவர் மருத்துவரோ உளவியலாளரோதான். ஆனாலும் வீட்டில் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து கேள்விகளைப் படிப்பது பெரிய உதவி. படிக்கும்போது மனதுக்குள் நடக்கும் சடங்குகளை விட்டுவிடாதீர்கள். மனதில் எண்ணுவது, கெட்ட எண்ணத்தை "நல்ல" எண்ணத்தால் அழிப்பது, நடந்ததை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது, அடுத்தவரிடம் உறுதி கேட்பது எல்லாமே சடங்குதான். என் தம்பி சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று நாங்கள் நினைத்த மணி நேரங்களில் அவன் அன்றைய பயணத்தை மனதில் ரீவைண்ட் பண்ணிக்கொண்டிருந்தான். அதையும் சேர்த்துக் கணக்கிட்டபோதுதான் ஒரு நாளில் ஒன்பது மணி நேரம் நோய்க்கே போகிறது என்று தெரிந்தது. அவனது மதிப்பெண் 33.

இந்த எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. சிகிச்சை தொடங்கிய பிறகு அது 35 சதவீதமாவது குறைந்தால்தான் "பலன் தெரிகிறது" என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். மூன்று மாதம் பணம் கட்டிய பிறகும் எண் அசையவில்லை என்றால், எதையோ மாற்ற வேண்டும்.

படி 2: எந்தச் சிகிச்சை என்று தெரிந்துகொண்டு தேடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. "நல்ல டாக்டர் யார்?" என்று ஊரெல்லாம் விசாரித்தோம். "நல்ல டாக்டர் என்ன செய்வார்?" என்று கேட்கவில்லை.

ஓசிடிக்குப் பலன் உறுதியாகத் தெரிந்தவை இரண்டு. ஒன்று செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தின் மீது வேலை செய்யும் மாத்திரைகள். மற்றொன்று ஈ.ஆர்.பி என்று சொல்லப்படும் உளவியல் பயிற்சி, விரித்துச் சொன்னால் எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் ப்ரிவென்ஷன். பயம் எழுப்பும் இடத்துக்கு வேண்டுமென்றே, படிப்படியாகப் போவது. போன பிறகு சடங்கைச் செய்யாமல் இருப்பது. முதல் பாதி மட்டும் போதாது. பயந்த பொருளைத் தொட்டுவிட்டு உடனே கை கழுவினால் அது பயிற்சி ஆகாது.

1960களின் நடுப்பகுதி வரை ஓசிடி குணப்படுத்த முடியாதது என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. 1966ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் இப்படிச் சடங்கைத் தடுத்து முன்னேற்றம் கண்டதை எழுதினார். பிறகு எட்னா ஃபோவா போன்ற உளவியலாளர்கள் அதை ஒழுங்கான முறையாக வளர்த்தார்கள். 2013ல் வெளியான ஓர் ஆய்வு என் மனதில் அப்படியே நிற்கிறது. மாத்திரை சாப்பிட்டும் போதுமான குணம் தெரியாத 100 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். கூடுதலாக ஈ.ஆர்.பி பெற்றவர்களில் 80 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. கூடுதலாக ரிஸ்பெரிடோன் என்ற வேறு வகை மனநல மாத்திரை பெற்றவர்களில் 23 சதவீதம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, உள்ளே மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 15 சதவீதம். ஈ.ஆர்.பி எட்டு வாரத்தில், வாரத்துக்கு இரண்டு என 17 அமர்வுகளில் கொடுக்கப்பட்டது. மாத்திரை மேல் மாத்திரையாகக் கூடிக்கொண்டே போகும் ஒருவருக்கு யாரும் இன்னும் ஈ.ஆர்.பி கொடுக்கவில்லை என்றால், அடுத்து கேட்க வேண்டியது அதைத்தான்.

இப்போது உதவாதவை. மூச்சுப் பயிற்சியும் ரிலாக்சேஷனும் கெடுதல் அல்ல. ஆனால் ஆய்வுகளில் ஈ.ஆர்.பிக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் "சும்மா" சிகிச்சையாக வைக்கப்பட்டதே ரிலாக்சேஷன்தான். எண்ணம் வரும்போது கையில் ரப்பர் பேண்டைச் சுண்டிவிடுவது, "நிறுத்து" என்று மனதுக்குள் கத்துவது, குழந்தைப் பருவத்தைத் தோண்டிக்கொண்டே இருப்பது ஆகியவற்றால் கடுமையான ஓசிடி இறங்காது. எங்களுக்குக் கிடைத்த ஒரு கவுன்சலர் மிக அன்பானவர். ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம், "நீங்க யாரையும் இடிக்கல, நீங்க நல்லவர்" என்று அவனுக்குப் பொறுமையாகச் சொன்னார். வெளியே வரும்போது தம்பி முகம் தெளிந்திருக்கும். மாலைக்குள் எல்லாம் பழையபடி. காசு கொடுத்து வாரா வாரம் சடங்கைத்தான் செய்துவந்திருக்கிறோம் என்பது வெகு பின்னால்தான் உறைத்தது. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஓசிடியில் ஆறுதலும் நோய்க்குத் தீனி ஆகிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

படி 3: ஒரே ஒரு தாள்

மருத்துவரிடம் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அதில் எட்டு நிமிடம் கதை சொல்லியே போய்விடும். எனவே ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: எந்த வயதில் தொடங்கியது, இப்போது ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போகிறது, எதையெல்லாம் இழந்தாயிற்று, மதிப்பெண் எவ்வளவு, வேறு நோய்கள், குடும்பத்தில் யாருக்காவது இருமுனை மனநோய் இருந்ததா என்பவை. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் வரும் இருமுனை மனநோய் உள்ளவருக்கு செரட்டோனின் மாத்திரை மட்டும் கொடுத்தால் மனநிலை எல்லை மீறி ஏறிவிடக்கூடும்.

தாளில் பாதியை மருந்து வரலாற்றுக்கு ஒதுக்குங்கள். மாத்திரைப் பெயர் மட்டும் போதாது. எந்த டோஸ், எத்தனை வாரம், என்ன பலன், ஏன் நிறுத்தினோம் என நான்கும் வேண்டும். பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினாலே இது கிடைத்துவிடும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மீது அப்படி அடுக்கியபோது தெரிந்தது இது: தம்பி "நாலு மருந்து சாப்பிட்டும் கேட்கவில்லை" என்று எல்லோரிடமும் சொல்லிவந்தோம். உண்மையில் ஒன்றைக்கூட அவன் ஓசிடிக்குத் தேவையான டோஸில், தேவையான காலம் சாப்பிட்டிருக்கவில்லை. ஐந்து வாரத்தில் ஒன்று, மூன்று வாரத்தில் ஒன்று என்று மாறிக்கொண்டே இருந்திருக்கிறான்.

படி 4: மருந்தை முதலில் சரிசெய்யுங்கள்

ஈ.ஆர்.பி தெரிந்தவரைத் தேடுவது கடினம். மருந்து அப்படி இல்லை. எந்தப் பொது மனநல மருத்துவரும் தொடங்க முடியும். பெரும்பாலான மருந்துகள் காப்புரிமை முடிந்தவை என்பதால் ஜெனரிக் வடிவில், அதாவது பிராண்ட் பெயர் இல்லாமல், கிடைக்கும். செரட்டோனின் மீது வேலை செய்யும் பழைய மருந்தான க்ளோமிப்ரமின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஓசிடிக்கென்றே இடம்பெற்றிருக்கிறது. நிபுணருக்காகக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல் இந்த ஒரு பாதியையாவது தொடங்கிவிடலாம்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான் ஓசிடிக்கும் என்றாலும், ஓசிடிக்கு வேண்டிய டோஸ் பொதுவாக அதைவிட அதிகம், காத்திருக்க வேண்டிய காலமும் அதிகம். பெரியவர்களுக்கான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2007 வழிகாட்டுதலில் செர்ட்ராலின் வழக்கமான இலக்கு 200 மி.கி, ஃப்ளூவாக்ஸமைன் 200 மி.கி, ஃப்ளூவாக்ஸெட்டின் 40 முதல் 60 மி.கி, எஸ்சிட்டலோப்ராம் 20 மி.கி. மொத்தம் 8 முதல் 12 வாரம் சாப்பிட வேண்டும். அதில் நான்கு முதல் ஆறு வாரமாவது தாங்கக்கூடிய அதிகபட்ச டோஸில் இருந்திருக்க வேண்டும். அதற்கு முன் "கேட்கவில்லை" என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. இந்த எண்களைப் பார்த்து நீங்களே டோஸை ஏற்றிவிடாதீர்கள். மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்பதற்காக மட்டுமே இவை. "டாக்டர், இவன் செர்ட்ராலின் 50 மில்லிகிராமில் ஆறு வாரம் இருந்தான். ஓசிடிக்கு இது போதுமான முயற்சியா, ஏற்றிப் பார்க்கலாமா?" என்று தாளைக் காட்டிக் கேட்டால் எந்த மருத்துவரும் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் வேறொருவரைப் பாருங்கள்.

எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். இந்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலன் தெரியும், அவர்களிலும் பலருக்கு நோய் முழுதாகப் போகாது. ஆனால் 33ல் இருந்தவன் 26க்கு வந்தால் ஈ.ஆர்.பி செய்ய உட்காரவாவது முடியும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

சில எச்சரிக்கைகள். முதல் வாரங்களில் பதற்றம் கூடலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களை அந்த நாட்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், தற்கொலை எண்ணம் தலைதூக்க வாய்ப்புண்டு. க்ளோமிப்ரமின் தொடங்கும்போதும் டோஸ் ஏற்றும்போதும் இசிஜி பார்க்கச் சொல்வார்கள், பார்த்துவிடுங்கள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்பிரஸோலம் போன்றவை ஓசிடியைக் குறைக்காது, பழக்கமாகிவிடும். எந்த மாத்திரையையும் சட்டென நிறுத்தக் கூடாது. கையில் பணம் இல்லை என்றால், மாத்திரை தீர்வதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மலிவான மாற்று கேளுங்கள். பலர் வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் நிறுத்திவிடுகிறார்கள், இரண்டு வாரத்தில் நிலைமை தலைகீழாகிறது.

படி 5: ஈ.ஆர்.பி தெரிந்தவரைப் போனிலேயே கண்டுபிடியுங்கள்

முதல் அமர்வுக்குப் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட, ஐந்து நிமிடம் போனில் பேசித் தெரிந்துகொள்வது மேல். பெயர்ப்பலகையில் "ஓசிடி" என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். நான் கேட்ட கேள்விகள் இவை:

- ஓசிடிக்கு என்ன முறையில் சிகிச்சை செய்கிறீர்கள்? அவர் வாயிலிருந்தே ஈ.ஆர்.பி அல்லது எக்ஸ்போஷர் என்ற சொல் வர வேண்டும். "ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்பதோடு நிறுத்தினால் யோசியுங்கள். வெறும் "சிபிடி" (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் சிகிச்சை) என்றால், அதில் எக்ஸ்போஷர் உண்டா என்று கேளுங்கள்.
- அமர்வில் நீங்களும் கூட இருந்து பயிற்சி செய்ய வைப்பீர்களா, பேசி மட்டும் அனுப்புவீர்களா?
- வீட்டுப் பயிற்சி கொடுப்பீர்களா?
- குடும்பத்தார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எங்களுக்கும் சொல்லித் தருவீர்களா?
- எத்தனை அமர்வு ஆகலாம்? பொதுவாக 12 முதல் 20 என்ற அளவில் ஒரு பதில் வர வேண்டும். கடுமையான நோய்க்கு இன்னும் கூடலாம். "அதெல்லாம் வருஷக்கணக்குல போகும்" என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னால் அது ஈ.ஆர்.பியாக இருக்க வாய்ப்பு குறைவு.

நான் பதினோரு பேரிடம் பேசினேன். இரண்டு பேர்தான் இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னார்கள். ஒருவரின் கட்டணம் எங்களுக்கு எட்டாது. இன்னொருவர் பெரிய பெயர் இல்லாத இளம் உளவியலாளர், ஒரு மூத்த நிபுணரின் மேற்பார்வையில் இருந்தவர். அவரிடம்தான் போனோம்.

படி 6: செலவைக் குறைக்கும் வழிகள்

உளவியல் துறை உள்ள பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் நடத்தும் பயிற்சி கிளினிக்குகளை முதலில் விசாரியுங்கள். சிகிச்சை கொடுப்பவர் மாணவர்தானே என்று தயங்க வேண்டாம். ஈ.ஆர்.பி எழுதிவைத்த முறைப்படி நடக்கும் சிகிச்சை. நல்ல மேற்பார்வை இருந்தால், அந்த முறையை ஒழுங்காகப் பின்பற்றும் இளையவர், முறை தெரியாத இருபது வருட அனுபவசாலியைவிட உதவுவார் என்று எங்கள் அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்து ஆய்வுகள். புதிய சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வுகளில் சேர்பவர்களுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் பெரும்பாலும் இலவசம். போலி மாத்திரைப் பிரிவில் விழவும் வாய்ப்புண்டு. ஆய்வு முடிந்த பிறகு தொடர் சிகிச்சை உண்டா, நடுவில் விலகலாமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

குழு சிகிச்சையில் கட்டணம் பங்காகிவிடும். பலனும் நன்றாகவே இருக்கிறது. கூடவே இன்னொன்றும் கிடைக்கும். தன்னைப் போலவே ரோட்டில் திரும்பித் திரும்பிப் போகும் ஒருவரைத் தம்பி முதன்முதலில் பார்த்த நாள், வீட்டுக்கு வந்து இரண்டு தடவை அதைப் பற்றியே பேசினான்.

இணையவழி ஈ.ஆர்.பியும் உண்டு. ஸ்வீடனில் 10 வாரம் இணையம் வழியாகவே, ஒரு சிகிச்சையாளர் எழுத்தில் வழிகாட்ட, சிகிச்சை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012ல் வெளியானது. வெறும் ஆதரவுப் பேச்சைவிட அது தெளிவாகப் பலன் தந்தது. வீடியோ அழைப்பில் செய்வதற்கு ஒரு தனி வசதியும் இருக்கிறது. பயம் இருக்கும் இடம் வீடாகவோ தெருவாகவோ இருந்தால், தெரபிஸ்ட் அந்த இடத்துக்கே போனில் கூட வந்துவிடலாம். மிகக் கடுமையான நிலையில், தற்கொலை எண்ணம் இருக்கும்போது, இது மட்டும் போதாது.

கட்டணத்தைப் பற்றி நேராகப் பேசுங்கள். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைப்பவர்கள் உண்டு, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். "எங்களிடம் மொத்தம் இவ்வளவுதான் இருக்கிறது, இதை எப்படிப் பயன்படுத்தலாம்?" என்று நான் கேட்டேன். அவர் போட்ட திட்டம் இது: முதல் ஒரு மாதம் வாரத்துக்கு இரண்டு அமர்வு, பிறகு வாரம் ஒன்று, பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று, இடையில் பத்து நிமிடப் போன் அழைப்பு. இருக்கிற பணத்தை மாதம் ஒரு அமர்வு என்று இரண்டு வருடத்துக்கு நீட்டினால் கடுமையான நோய் அசையாது. தொடக்கத்தில் நெருக்கமாகச் செய்து, பிறகு தளர்த்துவதே பணத்துக்கும் நோய்க்கும் பொருந்திய வழி. நார்வேயின் பெர்கனில் 2012ல் தொடங்கிய முறையில் மொத்தச் சிகிச்சையையும் தொடர்ச்சியாக நான்கே நாளில் சுருக்கிக் கொடுக்கிறார்கள். அடர்த்தி எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதுவே சாட்சி.

காப்பீடு இருந்தால், மருத்துவரிடம் நோயின் பெயர், மதிப்பெண், முன்பு தோற்ற சிகிச்சைகள், இப்போது தேவைப்படும் சிகிச்சை நான்கையும் குறிப்பிட்டுக் கடிதம் வாங்குங்கள். முதல் மறுப்போடு விட்டுவிடாமல் எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள்.

படி 7: காத்திருக்கும் நாட்களில் வீட்டில்

வரிசையில் மூன்று மாதம், ஆறு மாதம் காத்திருக்க நேரலாம். அந்த நாட்களில் காசே இல்லாமல் செய்யக்கூடியது, குடும்பம் நோய்க்குச் செய்யும் உதவியை மெல்லக் குறைப்பது. நானும் அம்மாவும் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தோம் தெரியுமா? இரவில் உறுதி சொன்னோம். அவன் வந்த வழியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். விபத்துச் செய்தி வந்தால் டிவியை அணைத்தோம். எல்லாம் பாசத்தால் செய்தது. ஒவ்வொன்றும் நோயை ஒரு பிடி கெட்டியாக்கியது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள், வீடு போர்க்களமாகும். நோயாளி நன்றாக இருக்கும் ஒரு பொழுதில் உட்கார்ந்து, எதைக் குறைக்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தது இரவுக் கேள்வியை. முதலில் ஒரு தடவைதான் பதில் என்று வைத்தோம். இரண்டு வாரம் கழித்து அதையும் மாற்றினேன்.

"அக்கா, நான் யாரையும் இடிக்கலையே?"

"இதைக் கேக்கறது ஓசிடிடா. உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தெரியுது. பதில் சொல்ல மாட்டேன். ஆனா கொஞ்ச நேரம் உன்கூட உக்காந்திருக்கேன்."

முதல் நாள் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். பதில் இல்லாமலே அவன் தூங்கிய முதல் இரவு அது. ஒரு வார்த்தை எச்சரிக்கை: தன்னைக் காயப்படுத்திக்கொள்வேன் என்று நோயாளி சொல்லும் நிலையில் இதைத் தனியாகத் தொடங்க வேண்டாம், மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஈ.ஆர்.பியின் படிக்கட்டையும் இந்த நாட்களில் எழுதிவைக்கலாம். தம்பியுடையது இப்படி இருந்தது, அடைப்பில் அவன் சொன்ன பயத்தின் அளவு நூற்றுக்கு. நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு உட்காருவது (20). "ஒருவேளை நான் யாரையாவது இடித்திருக்கலாம், உறுதியாகத் தெரியாது" என்று எழுதி உரக்கப் படிப்பது (35). ஆளில்லாத மைதானத்தில் ஓட்டுவது (45). தெருவில் ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டிக் கண்ணாடியில் பார்க்காமல் போவது (70). பள்ளி விடும் நேரத்தில் அந்தத் தெருவில் ஓட்டி, திரும்பாமல் வீட்டுக்கு வந்து, டயரைப் பார்க்காமல் படுப்பது (95). சாலை விதியை மீறுவதோ கண்ணை மூடி ஓட்டுவதோ இதில் இல்லை. மற்றவர்கள் சாதாரணமாக எப்படி ஓட்டுகிறார்களோ அப்படி ஓட்டுவதுதான் பயிற்சி. கீழ்ப்படிகளை நோயாளி தானே விரும்பினால் வீட்டில் முயலலாம். மேல்படிகளைத் தெரபிஸ்ட்டுக்கு விட்டுவையுங்கள். யாரும் அவரைப் பிடித்துத் தள்ளக் கூடாது. கட்டாயப்படுத்தினால் அவர் சிகிச்சையையே வெறுத்துவிடுவார்.

படி 8: இவ்வளவும் செய்தும் அசையவில்லை என்றால்

முதலில் கேட்க வேண்டியது: செய்தது உண்மையிலேயே ஈ.ஆர்.பிதானா, மருந்து உண்மையிலேயே போதுமான டோஸில் இருந்ததா? இரண்டுக்கும் "ஆம்" என்றால் அடுத்த வழிகள் உண்டு. வேறொரு செரட்டோனின் மருந்து, க்ளோமிப்ரமின், இருக்கும் மருந்தோடு சிறிய டோஸில் அரிப்பிப்ரஸோல் அல்லது ரிஸ்பெரிடோன் என்று மருத்துவர் போவார். வீட்டில் முடியாதவர்களுக்கு உள்நோயாளியாகத் தங்கித் தினமும் ஈ.ஆர்.பி செய்யும் பிரிவுகள் சில இடங்களில் உள்ளன. மூளையைக் காந்தத்தால் தூண்டும் டீப் டிஎம்எஸ் என்ற கருவிக்கு அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018ல் ஓசிடிக்கு அனுமதி தந்தது. மூளைக்குள் மின்முனை வைக்கும் டிபிஎஸ் அறுவைச் சிகிச்சைக்கு 2009ல் வரம்புக்குட்பட்ட அனுமதி கிடைத்தது. அது எல்லாம் தோற்ற மிகச் சிலருக்கானது. ஈ.ஆர்.பியே முயலாத ஒருவருக்கு முதலிலேயே விலையுயர்ந்த கருவிச் சிகிச்சையை யாராவது பரிந்துரைத்தால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

படி 9: குறைந்த பிறகு

நன்றாக ஆனதும் மாத்திரையை நிறுத்தத் தோன்றும். அதே 2007 வழிகாட்டுதல் ஒன்று முதல் இரண்டு வருடம் தொடரச் சொல்கிறது. பிறகும் ஒன்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 10 முதல் 25 சதவீதம் என மெதுவாகக் குறைக்க வேண்டும். தெரபியிலும் கடைசிப் பணத்தை முழுக்கச் செலவழித்துவிடாமல், இரண்டு மூன்று அமர்வுக்கான தொகையைத் தனியாக எடுத்துவையுங்கள். தூக்கம் கெடும்போது, வேலை மாறும்போது, வீட்டில் குழந்தை பிறக்கும்போது நோய் எட்டிப் பார்க்கும். அப்போது அந்த இரண்டு அமர்வு பெரிய சரிவைத் தடுத்துவிடும்.

கடைசி அமர்வில் அந்த உளவியலாளர் தம்பியிடம் ஒரு சிறிய அட்டை கொடுத்து, நோய் திரும்புவதன் அறிகுறிகளை அவன் கையாலேயே எழுதச் சொன்னார். இப்போது அது அவன் பர்ஸில் இருக்கிறது. முதல் வரி: "கண்ணாடியில் இரண்டாவது தடவை பார்த்தால்." இரண்டாவது: "வேறு வழியாகப் போகலாம் என்று தோன்றினால்." மூன்றாவது: "அக்காவிடம் கேட்க வாய் வந்தால்." அதன் கீழே, இவற்றில் இரண்டு ஒரே வாரத்தில் நடந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறான்.